கணுக்காப்பியல்: பத்து நூற்பாவும் உரையும்

பாயிரம்

நூல் என்றால் அதன் பொருளும் எல்லையும் கேட்போரும் பயனும் முதலில் சொல்லப்பட வேண்டும். இந்நூலின் பொருள், மூட்டை சுமப்பவரின் கணுக்கால். எல்லை, லாரியின் தளத்துக்கும் கிடங்கின் தரைக்கும் இடைப்பட்ட சில அடி தூரம். எடுத்துக்காட்டாகக் கொண்ட இடங்கள் இரண்டு. ஒன்று, காவிரி டெல்டாவின் நேரடி நெல் கொள்முதல் நிலையம். அங்கே 40 கிலோ மூட்டையும் ஐப்பசி மழைச் சேறும் உண்டு. மற்றொன்று, 1996 முதல் இயங்கும் கோயம்பேடு மொத்த விற்பனை அங்காடி; அங்கே காய்கறிக் கழிவும் விடிவதற்குள் சரக்கை இறக்கிவிட வேண்டிய நெருக்கடியும் உண்டு.

கேட்க வேண்டியவர்கள் நிலையத்தின் பட்டியல் எழுத்தர், லாரி உரிமையாளர், மண்டி முதலாளி, மேஸ்திரி ஆகியோர். லோடுமேனுக்கு இதில் பாதிக்கு மேல் முன்பே தெரியும். ஆனால் அவர் காலை மடக்கும் பொருள்கள் பெரும்பாலானவற்றை அவர் தேர்ந்தெடுக்கவில்லை. பலகையை வாங்கியவர் வேறு, தரையைப் போட்டவர் வேறு, கூலியை வகுத்தவர் வேறு. ஆகவே இந்நூல் ஒவ்வொரு காரணத்தையும் அதை மாற்றக்கூடிய கையில் ஒப்படைக்கிறது. பயன் இதுவே.

நூற்பா 1
வழுக்கல் பிடிப்பின் குறை. கவனத்தின் குறை அன்று.

உரை: பாதத்தை முன்னே வைக்கும்போது அது தரையைக் கீழே அழுத்துவதோடு முன்னோக்கியும் தள்ளுகிறது. அந்தத் தள்ளுதலை உராய்வு தாங்கினால் கால் நிற்கும், தாங்காவிட்டால் வழுக்கும். உராய்வு விசை அழுத்தும் எடைக்கு ஏற்பக் கூடும் என்பதை பிரெஞ்சு அறிஞர் கியோம் அமோந்தோன் 1699-இல் பாரிஸ் அறிவியல் கழகத்தில் எடுத்துரைத்தார். இரண்டுக்கும் உள்ள விகிதமே உராய்வுக் கெழு. சமதளத்தில் இயல்பாக நடக்க ஏறத்தாழ 0.2 வேண்டும்.

சுமையோடு நடப்பவர் தரையை அதிகம் அழுத்துவதால் அவருக்குப் பிடிப்பும் அதிகமாகுமே எனின், ஆகாது. சுமை ஏறினால் பிடிப்பு கூடுவதுபோலவே தள்ளும் விசையும் கூடுகிறது. விகிதம் அப்படியே இருக்கிறது. மாறுவது வேறொன்று. தலையிலோ தோளிலோ 40 கிலோ ஏறியதும் உடலின் எடைமையம் மேலே போய்விடுகிறது. வெறுங்கையோடு வழுக்குபவர் கைகளை வீசிச் சமாளிப்பார். சுமப்பவரின் கைகள் மூட்டையில் இருக்கின்றன.

கோயம்பேட்டுத் தரைக்கு உரிய ஓர் அளவீடும் உண்டு. வாழைப்பழத் தோலை மிதிக்கும்போது உராய்வு எவ்வளவு என்று ஜப்பானின் கிதாசாத்தோ பல்கலைக்கழகத்தில் கியோஷி மபுச்சியும் குழுவினரும் அளந்தார்கள். வந்த எண் 0.066. நடக்கத் தேவையானதில் மூன்றில் ஒரு பங்குதான் அது. 2014-இல் இக் நோபெல் பரிசு பெற்ற இந்த ஆய்வு, காரணத்தையும் காட்டியது: மிதிபடும்போது தோலின் உட்புறத்திலிருந்து வெளிவரும் கூழ், செருப்புக்கும் தரைக்கும் நடுவே படலமாகப் பரவுகிறது. 0.066-இன் மேல் மிகுந்த கவனத்தோடு காலை வைப்பவரும் வழுக்கவே செய்வார்.

நூற்பா 2
கணுக்கால் வெளிப்புறம் இளைத்தது. விரல் தாழ்ந்தபோது மேலும் தளர்வது.

உரை: கீழ்க்காலின் இரண்டு எலும்புகள் கவடுபோல் இறங்கி, தாலஸ் என்னும் எலும்பை இருபுறமும் கவ்வியிருக்கின்றன. உள்ளே துருத்துவது அகக்கணு, வெளியே துருத்துவது புறக்கணு. புறக்கணு அகக்கணுவைவிடக் கீழே இறங்கியிருப்பதால் பாதம் வெளிப்பக்கம் மடங்குவது கடினம், உட்பக்கம் மடங்குவது எளிது. உட்புறத்து நார் அகன்று வலுவாக இருக்கிறது. வெளிப்புறத்தில் இருப்பவை தனித்தனியான மூன்று நார்கள். அவற்றில் முன்னால் இருப்பதுதான் சுளுக்கில் பெரும்பாலும் முதலில் கிழிகிறது.

தாலஸின் முன்பகுதி அகலம், பின்பகுதி குறுகல். பாதம் தட்டையாக இருக்கும்போது அகன்ற பகுதி கவட்டில் இறுகி நிற்கும். விரல் தாழ்ந்து குதிகால் உயரும்போது குறுகிய பகுதி உள்ளே வந்து, மூட்டு தளரும். லாரியிலிருந்து குதிப்பவர், மூட்டைகளை அடுக்கிய அட்டியிலிருந்து ஓர் அடுக்கு கீழே கால் வைப்பவர் இருவருக்கும் முதலில் தரையைத் தொடுவது பெரும்பாலும் விரல். எனவே மூட்டு மிகத் தளர்ந்திருக்கும் நொடியில்தான் மொத்த எடையும் அதன்மேல் விழுகிறது.

கால் மடங்குவதும் நார் கிழிவதும் ஒரு வினாடியின் பத்தில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடக்கூடும். தசை உணர்ந்து இறுகி அதைத் தடுக்க அந்த நேரம் போதாது. ‘பார்த்து நட’ என்ற எச்சரிக்கைப் பலகை கணுக்காலைக் காக்காததற்கு உடலமைப்பு சொல்லும் காரணம் இது.

நூற்பா 3
பலகை குறுகக் குறுகப் பிடிப்பின் தேவை ஏறும்.

உரை: இந்நூலில் நெடிய உரை வேண்டுவது இந்த நூற்பாவுக்குத்தான். லாரியின் தளம் தரையிலிருந்து 4 அடி உயரம் என்று கொள்வோம். 8 அடிப் பலகையைச் சாய்த்தால் சரிவு 30 பாகை. அதில் வழுக்காமல் நிற்பதற்கே 0.58 உராய்வு வேண்டும். 12 அடிப் பலகை என்றால் சரிவு சுமார் 19 பாகை, தேவை 0.35. 16 அடி என்றால் சுமார் 14 பாகை, தேவை 0.26. இவை அசையாமல் நிற்பதற்கான எண்கள். நடப்பதற்கு இன்னும் வேண்டும். உலர்ந்த மரத்தில் உலர்ந்த ரப்பர் இவற்றைத் தாங்கும். சேறு படிந்த மரம் 8 அடிப் பலகையின் கணக்கைத் தாங்காது.

பலகையை 4 அடி நீட்டினால் கிடைக்கும் காப்பு, எத்தனை அறிவுரை சொன்னாலும் கிடைக்காது. நீளம் கூடினால் பலகை நடுவில் தொய்யும், துள்ளும். அதனால் கனமும் கூட வேண்டும், நடுவில் ஒரு முட்டும் வேண்டும். லாரியில் நீளப் பலகைக்கு இடமில்லை எனின், பலகை லாரியின் சொத்தாக இருக்க வேண்டியதில்லை. அது நிலையத்தின் சொத்தாக, மண்டியின் சொத்தாக அங்கேயே இருக்கலாம். வருகிற லாரிக்கெல்லாம் அதே பலகை. தளத்தைத் தரையிலிருந்து லாரி உயரத்துக்கு எழுப்பிக் கட்டிய கிடங்குகளில் சரிவே இல்லை. புதிதாகக் கட்டுபவர் அதையே கட்ட வேண்டும்.

பலகைக்கு வேண்டியவை மேலும் ஐந்து. குறுக்கே ரீப்பர் கட்டைகள் அடித்திருக்க வேண்டும். அவற்றின் இடைவெளி ஒரு நடைக்குப் பொருந்த வேண்டும். மேல் முனை லாரித் தளத்தில் கொக்கியால் மாட்டப்பட வேண்டும். கீழ் முனை பின்னுக்கு நகராதபடி முட்டுக் கொடுக்க வேண்டும். சேறும் நெல்மணியும் படிந்தால் அடுத்த நடைக்கு முன் துடைக்க வேண்டும்.

துறைமுகத்தார் இந்த வழியில் முன்னே போனவர்கள். 1932-இல் ஜெனீவாவில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடு, கப்பலுக்கும் கரைக்கும் இடையே தொழிலாளர் ஏறி இறங்கும் பாலத்துக்கு அளவே எழுதிவைத்தது. அகலம் 55 சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது, இருபுறமும் 82 சென்டிமீட்டர் உயரத் தடுப்பு வேண்டும், இடம்பெயராதபடி கட்டியிருக்க வேண்டும், சரிவு மிகக்கூடாது. இந்தியத் துறைமுகத் தொழிலாளர் சட்டம் 1934-இல் வந்தது. அதன் இடத்தில் 1986-இல் விரிவான சட்டம் வந்தது. நாடாளுமன்றம் 2020-இல் நிறைவேற்றிய பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பு அதையும் தன்னுள் சேர்த்துக்கொண்டது. துறைமுகத்தில் கப்பலேறும் பாலத்துக்கு எழுதிய அந்த நான்கு அளவுகளையும், நிலையத்தில் மூட்டையோடு லாரி ஏறும் பலகைக்கு அப்படியே பொருத்தலாம். புதிதாக ஆராய்ந்து கண்டுபிடிக்க ஒன்றுமில்லை.

எடை வரம்பு போதாதோ எனின், போதாது. 1967-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வயதுவந்த ஆண் ஒருவர் சுமக்கும் எடைக்கு 55 கிலோ என்று மேல்வரம்பு பரிந்துரைத்தது. 40 கிலோ நெல் மூட்டை அதற்கு உட்பட்டதே. அந்த வரம்பு முதுகைக் காக்கும். காலைக் காக்கப் பலகைக்கும் தரைக்கும் வரம்பு வேண்டும்.

நூற்பா 4
ஏறுதலினும் இறங்குதல் கொடிது. இறங்குதலினும் குதித்தல் கொடிது.

உரை: கடைசி மூட்டை ஏறியதும் லாரியின் மேலிருப்பவர் கீழே வர வேண்டும். பலகையை அதற்குள் எடுத்திருப்பார்கள். அவர் குதிக்கிறார். 4 அடியிலிருந்து குதிப்பவர் தரையைத் தொடும் வேகம் மணிக்கு 17 கிலோமீட்டருக்கு மேல். சுமையே இல்லாத இந்த நொடி, நாள் முழுவதும் சுமந்து தளர்ந்த கால்களுக்கு வருகிறது. கீழே சேறா, கல்லா, சிந்திய நெல்லா என்று மேலிருந்து தெரியாது.

விதி இது: முகம் வண்டியைப் பார்க்கட்டும். இரண்டு கையும் ஒரு காலும், அல்லது இரண்டு காலும் ஒரு கையும் எப்போதும் வண்டியைப் பற்றியிருக்கட்டும். இதற்கு வண்டியில் பிடி வேண்டும், படி வேண்டும். பின்கதவுக்குக் கீழே ஓர் இரும்புப் படியும் பக்கத்தில் ஒரு கைப்பிடியும் வெல்டிங் பட்டறையில் அரை நாள் வேலை. அதைச் செய்விக்க வேண்டியவர் லாரி உரிமையாளர். அதுவரை, கடைசி ஆள் இறங்கும் முன் பலகையை எடுக்கலாகாது என்று மேஸ்திரி உத்தரவிட வேண்டும்.

நூற்பா 5
சுமந்தவர் கண் தம் பாதத்தைக் காணாது; காணும் கண் வேறு வேண்டும்.

உரை: சும்மாடு வைத்துத் தலையில் சுமப்பவர் கழுத்தை வளைக்க முடியாது. அவர் பார்வை பத்தடிக்கு அப்பால் இருக்கிறது. காலடியில் கிடக்கும் முட்டைக்கோஸ் இலை அதற்குள் வராது. முதுகில் சுமப்பவர் குனிந்திருப்பதால் அவருக்குத் தரை தெரியும், எதிரே வரும் தள்ளுவண்டி தெரியாது. இருவருக்கும் ஒரே தீர்வு: நடைபாதையைப் பார்ப்பதற்கென்று சுமை இல்லாத ஓர் ஆள்.

அவர் கையில் துடைப்பமும் ஒரு கூடை உமியோ மரத்தூளோ இருக்கட்டும். சிந்திய நெல்லை உடனே கூட்டுவது, ஈரத்தில் மரத்தூள் தூவி அதைப் பிறகு வாரியெடுப்பது, சாக்குக் கயிற்றின் துண்டைப் பொறுக்குவது, குழியில் செங்கல் தூளை இட்டு நிரவுவது ஆகியவை அவர் வேலை. சிமென்ட் தரையில் சிந்திய நெல்மணி காலுக்குக் கீழே உருளும். ஈரம் இல்லாமலேயே வழுக்க வைக்கும். அதனால் நெல்லைக் கூட்டுவது சரக்கையும் காக்கும், காலையும் காக்கும். விடிவதற்கு முன் வேலை நடக்கும் இடங்களில் விளக்கைக் கூரையில் மட்டும் போடுவது போதாது. சுமப்பவரின் நிழல் அவர் கால் வைக்கும் இடத்திலேயே விழும். பக்கவாட்டில் ஒரு விளக்கு வேண்டும்.

ஏறும் வழியும் இறங்கும் வழியும் தனித்தனியாக இருக்கட்டும். ஒரே பலகையில் எதிரெதிரே வருபவர்களில் ஒருவர் ஓரத்துக்கு ஒதுங்க வேண்டிவரும். அந்த ஓரத்தில்தான் கால் மடங்குகிறது.

நூற்பா 6
அட்டியின் படி ஒரு மூட்டை உயரம், அதனின் மிகலாகாது.

உரை: மூட்டைகளை அட்டி போடும்போது, போட்ட மூட்டைகளே படிக்கட்டாகின்றன. மூட்டை மிதித்தால் அமுங்கும், அமுங்குவதும் ஒருபக்கமாக அமுங்கும். கணுக்கால் இளைத்த பக்கம் மடங்குவதற்கு இதைவிட ஏற்ற இடம் இல்லை. இரண்டு மூட்டை உயரத்தை ஒரே எட்டில் ஏற வைக்கும் அட்டி தவறாகக் கட்டிய அட்டி. ஒவ்வொரு வரிசையும் முந்தைய வரிசையிலிருந்து ஒரு பாதம் முழுதும் பதியும் அளவு உள்வாங்க வேண்டும். மூட்டைகள் செங்கல் கட்டுவதுபோல் மாறி மாறிப் பிணைய வேண்டும். பிளாஸ்டிக் சாக்கு சணல் சாக்கைவிட வழுக்கும். ஏறும் வழியில் மட்டுமாவது அதன்மேல் பழைய சணல் சாக்கை விரித்துக் கட்டலாம். தார்ப்பாய் போர்த்திய அட்டியில் மழை பெய்தபின் யாரையும் ஏற்றலாகாது. தார்ப்பாயை முதலில் ஏணி வைத்து விலக்க வேண்டும்.

நூற்பா 7
காலணி குதிகாலைப் பற்றுக.

உரை: ரப்பர் செருப்பு விரல்களால் மட்டும் பிடிக்கப்படுவது. சரிவில் பாதம் அதற்குள்ளேயே நழுவும். பின்வார் உள்ளதும், அடியில் ஆழமான பள்ளக்கோடுகள் உள்ளதும், வேலையிடத் தண்ணீரில் கழுவக்கூடியதுமான காலணி வேண்டும். கோடு தேய்ந்தால் மாற்ற வேண்டும். கோட்டில் சேறு அடைத்தால் அது கோடு இல்லாததற்குச் சமம். பூட்ஸ் கணுவை இடியிலிருந்து காக்கும். அது சுளுக்கை முழுதும் தடுத்துவிடும் என்று நம்பிப் பலகையை மாற்றாமல் விடலாகாது. காலணியை வேலை தருபவர் வாங்கித் தர வேண்டும், ஒவ்வொருவர் பாதத்தையும் அளந்து வாங்க வேண்டும். அளவு பெரிதான காலணியே ஒரு வழுக்கல்.

நூற்பா 8
மூட்டைக்குக் கூலி எனின் துடைப்புக்கும் கூலி.

உரை: ஏற்றுகூலியும் இறக்குகூலியும் மூட்டைக் கணக்கில் வழங்கப்படுகின்றன. அந்தக் கணக்கில் பலகையை முட்டுக் கொடுத்து நிறுத்தும் நேரத்துக்கு விலை இல்லை. சேற்றை வழிக்கும் நேரத்துக்கும் விலை இல்லை. துடைக்க நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் லோடுமேனின் சொந்தக் கூலியிலிருந்து போகிறது. அவர் துடைக்காமல் நடந்தால் அது அலட்சியம் என்று சொல்லப்படுகிறது. கூலி முறை அவரிடம் கேட்டதைத்தான் அவர் செய்தார்.

இதைத் திருத்துவது எளிது. ஒவ்வொரு லாரிக்கும் பலகை அமைப்பதையும் வழி துடைப்பதையும் சேர்த்துச் சில மூட்டைகளாகக் கணக்கிட்டு, கூலிச் சீட்டில் தனி வரியாக எழுதினால் போதும். எத்தனை மூட்டை என்பதைத் தொழிலாளரும் மேஸ்திரியும் நிலையத்தாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யட்டும். மழைநாளில் அந்த எண் கூட வேண்டும்.

சுமைப்பணியைச் சட்டத்துக்குள் கொண்டுவந்த மாநிலங்களில் மகாராஷ்டிரம் முந்தியது. அங்கே 1969-இல் மாத்தாடி தொழிலாளர் சட்டம் வந்தது. கேரளத்தில் 1978-இல் தலைச்சுமைத் தொழிலாளர் சட்டம். தமிழ்நாட்டில் 1982-இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம். அதன் கீழ் நல வாரியம் இயங்குகிறது. முதலாளி யார் என்று சுட்டிக்காட்ட முடியாத தொழிலாளருக்கு ஒரு பதிவையும் ஒரு பொறுப்பாளரையும் தருவதே இத்தகைய சட்டங்களின் நோக்கம். துடைப்புக் கூலி கேட்பதற்கும் அந்தப் பதிவே அடிப்படை. ஆகவே வாரிய அட்டையைப் புதுப்பித்து வைத்திருப்பதும் கணுக்காப்பில் ஒரு பகுதி.

நூற்பா 9
மடங்கிய கால் நான்கடி வைத்துக் காட்டுக.

உரை: கால் மடங்கியதும் மூட்டையை இறக்கி ஆளை உட்கார வைக்க வேண்டும். பிறகு பார்க்க வேண்டியதை கனடாவின் ஒட்டாவா நகரில் இயன் ஸ்டீல் தலைமையிலான மருத்துவர்கள் 1992-இல் விதியாக வகுத்தார்கள். கணுப் பகுதியில் வலி இருந்து, மடங்கிய உடனேயும் மருத்துவமனையிலும் நான்கடி எடுத்துவைக்க முடியாவிட்டால் எக்ஸ்ரே வேண்டும். புறக்கணுவின் நுனியிலோ அதன் பின்விளிம்பில் கீழ் 6 சென்டிமீட்டருக்குள்ளோ எலும்பைத் தொட்டால் வலித்தாலும் எக்ஸ்ரே வேண்டும். அகக்கணுவுக்கும் அப்படியே. அதற்கு முன் யாரும் சுளுக்கு எடுக்கவோ உருவிவிடவோ கூடாது. எலும்பு முறிந்திருந்தால் அந்த இழுப்பு முறிவை இடம் நகர்த்தும்.

எலும்பு சரி என்று தெரிந்தால் துணிப்பட்டை கட்டிக் காலை உயர்த்தி வைத்து ஓய்வு. வலி தணியத் தணிய மெல்ல நடை. வீக்கம் வடிவதோடு சிகிச்சை முடிந்துவிடாது. ஒருமுறை சுளுக்கிய கணுக்கால் மறுமுறை சுளுக்குவது எளிது. நிலையை உணரும் திறன் அதில் மங்கியிருக்கும். சுவரருகே அந்தக் காலால் மட்டும் நிற்கப் பழகுவதும், பிறகு கண்ணை மூடி நிற்பதும் அத்திறனை மீட்கும். சமநிலைப் பயிற்சி மீண்டும் சுளுக்குவதைக் குறைக்கிறது என்பது ஆய்வுகளில் நிலைபெற்ற முடிவு. திரும்பி வருபவரை முதலில் பலகையில் ஏற்றாமல், சமதளத்தில் எடை போடும் இடத்திலோ சாக்குத் தைக்கும் இடத்திலோ வைத்துக்கொள்வது மேஸ்திரியின் கடமை.

நூற்பா 10
ஏட்டில் ஏறாத சுளுக்கு மீண்டும் வரும்.

உரை: தொழிலாளர் இழப்பீட்டுக்குச் சட்டம் ஒரு வாசல் வைத்தது: உழைக்க முடியாமை 3 நாளுக்கு மேல் நீடித்தால்தான் முதலாளிக்குப் பொறுப்பு. சுளுக்கிய லோடுமேன் அத்தனை நாள் வீட்டில் இருக்க மாட்டார், இருந்தால் அடுப்பு எரியாது. இரண்டாம் நாள் துணியைக் கட்டிக்கொண்டு வந்துவிடுகிறார். அவர் வந்ததாலேயே அந்தச் சுளுக்கு சட்டத்தின் கண்ணில் நடக்காததாகிறது. அது நடக்கக் காரணமான பலகையும் அங்கேயே கிடக்கிறது.

எனவே ஒவ்வொரு நிலையத்திலும் மண்டியிலும் ஒரு நோட்டு வேண்டும். காயம்பட்டால் மட்டும் எழுதுவது போதாது. வழுக்கி, விழாமல் தப்பித்ததையும் எழுத வேண்டும். தேதி, நேரம், இடம், எந்தப் பலகை, ஏறும்போதா இறங்கும்போதா, காலடியில் என்ன கிடந்தது என்ற ஆறு விவரம் போதும். யார் தவறு என்று ஒரு கட்டம் அதில் இருக்கலாகாது. இருந்தால் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள், நோட்டு வெறுமையாகவே கிடக்கும். எழுதத் தெரியாதவருக்கு எழுதிக்கொடுப்பது பட்டியல் எழுத்தரின் வேலையில் சேரட்டும். வந்த மூட்டையையும் போன மூட்டையையும் தவறாமல் எழுதும் கை இதையும் எழுதும்.

மாதம் ஒருமுறை அந்த நோட்டைத் தொழிலாளரையும் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். ஒரே பலகை மூன்று முறை வந்தால் அந்தப் பலகையை மாற்ற வேண்டும். ஒரே நேரம் திரும்பத் திரும்ப வந்தால் அந்த நேரத்து விளக்கைப் பார்க்க வேண்டும். ‘இறங்கும்போது’ என்ற சொல் மிகுந்தால் படியும் கைப்பிடியும் வைக்காத லாரியை உள்ளே விடக்கூடாது. ஒரு கொள்முதல் பருவம் முழுதும் இப்படி எழுதிய நிலையத்துக்கு, அடுத்த பருவம் தொடங்கும் முன் முதலில் எதற்குப் பணம் செலவிட வேண்டும் என்று வெளியிலிருந்து யாரும் வந்து சொல்ல வேண்டியிருக்காது.